சின்ன உடம்பு, பெரிய தோட்டா

எங்கள் அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயதில் புது ரிவால்வர் வாங்கும் ஆசை வந்தது. காலையில் சாப்பிட்டது இட்லியா உப்புமாவா என்று பத்து மணிக்குக் கேட்டால் தெரியாது. எந்த மாதிரி ரிவால்வர் வேண்டும் என்பது மட்டும் அட்சரம் பிசகாமல் தெரியும். கையில் இருப்பதைப் போலவே சின்னதாக, தோட்டா போட நடுவில் மடங்குகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் தோட்டா மட்டும் பெரியதாக இருக்க வேண்டும். இதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். நாலு தடவையும் நான் "சரிப்பா" என்பேன். ஐந்தாவது தடவை கத்திவிடுவேன். எனக்குப் பொறுமை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இருக்கிற ரிவால்வரும் எங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும். புத்தி வந்து வந்து போகிற ஒரு மனிதரின் தலையணைக்கு அடியில் ஆறு தோட்டா போட்ட துப்பாக்கி இருந்தால், அந்த வீட்டில் இன்னொருத்தி எப்படித் தூங்குவாள்? அந்த இன்னொருத்தி நான்தான். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள் எல்லாம் இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டு அலைவதாக நினைத்துவிடாதீர்கள். அப்பா ஒருவரிடம்தான் இருந்தது, அதற்கும் ஒரு கதை உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் பம்பு ஷெட்டில் தனியாகப் படுத்திருந்த ஒரு விடியற்காலையில் லாரியோடு நாலு பேர் வந்தார்கள். அவரை ஆயில் இன்ஜினோடு சேர்த்து ரப்பர் ஹோஸால் கட்டிப் போட்டுவிட்டு, குவித்து வைத்திருந்த உப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். "உப்பப் போயி எவனாவது திருடுவானா?" என்று ஊரே சிரித்தது. கட்டிப் போட்டதைவிட அந்தச் சிரிப்புதான் அப்பாவை அதிகம் சுட்டது. அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கினார். அரசாங்கத் தொழிற்சாலையில் செய்த, தோட்டா அளவு முப்பத்திரண்டு என்கிற ரிவால்வர் ஒன்று வீட்டுக்கு வந்தது.

வந்ததிலிருந்து அதில் அவருக்கு ஒரு குறை. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்க வேண்டும். அப்படி ஒப்படைக்கப் போன ஒரு நாளில் இன்ஸ்பெக்டரின் ரிவால்வரைப் பார்த்துவிட்டார். அது முப்பத்தெட்டு. "அவருது பேசும் பாப்பா, நம்முளுது கொசு மாதிரி முனங்கும்" என்றார் வீட்டுக்கு வந்து. இரண்டையும் யார் மீதும் சுட்டுப் பார்த்ததில்லை, எப்படித் தெரியுமோ. ஆனால் இன்ஸ்பெக்டருடையது பெரிதாகவும் கனமாகவும் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தன்னுடையதன் உடம்பு, அவருடையதன் தோட்டா, இரண்டும் சேர்ந்து ஒன்று வேண்டும். இந்த ஆசை இருபது வருடம் சும்மா கிடந்து, மற்றதெல்லாம் மறக்கத் தொடங்கியபோது மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவேன். அன்றைக்கு அனுமந்தை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாகச் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தேன். மணி ஆறு இருக்கும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்தது என் நெஞ்சுக்கு நேராக நீண்டிருந்தது.

"யார்ரா நீ? திரும்பவும் வந்துட்டியா?"

ஹெல்மெட் வார் கழலமாட்டேன் என்கிறது. ஈர விரல் வழுக்குகிறது. "அப்பா, நான்தாம்பா, பாப்பாப்பா" என்று உள்ளே இருந்து கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவழியாக வார் கழன்று, என் முகத்தைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கினார்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு? நனைஞ்சிட்டியே. போயி தலைய தொவட்டு."

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு வெளியே வந்து, பெற்ற தகப்பனைச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். அவர் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை துப்பாக்கியைக் கொடு என்று கேட்டதற்கு, "நானா? உன் மேலயா? கனவு கண்டியா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அன்றிலிருந்து என் அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தேன்.

ஸ்டேஷனில் விசாரித்தேன். லைசென்ஸ்காரர் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவரா எழுதிக் கொடுப்பார்? பாண்டியில் டாக்டரிடம் சொன்னதற்கு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். நானே எடுத்துவிடலாம் என்று ஒருநாள் அவர் குளிக்கும் நேரம் பார்த்துத் தலையணையைத் தூக்கினேன். காலியாக இருந்தது. துப்பாக்கி, தோட்டா, லைசென்ஸ் புத்தகம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு குளிக்கப் போயிருக்கிறார் மனிதர். பல் செட்டை எங்கே வைத்தோம் என்று தெரியாது, மஞ்சப்பையை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் ஆசையைக் காட்டியே அவரைக் கூட்டிக்கொண்டு போவது. சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பழசைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வரேங்க. நீங்க வாங்கி வெச்சுக்கிட்டு, ஆர்டர் போட்டிருக்கு, வர நாலு மாசம் ஆகும்னு சொல்லிடுங்க. அதுக்குள்ள அவரு மறந்துடுவாரு. புத்தி சரியில்லைங்க அவருக்கு." அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்னபோது அப்பா பக்கத்து அறையில் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். "கூட்டிட்டு வாங்கம்மா, பாக்கலாம்" என்றார் அந்தப் பெண். சரி என்று சொல்லவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னதும் முதல் கேள்வி, "பாண்டிக்கா?" என்பதுதான். "பாண்டிக்கு எடுத்துட்டுப் போவக் கூடாது பாப்பா. லைசென்ஸு தமிழ்நாட்டுக்குதான். எல்லைய தாண்டுனா உள்ள வெச்சிடுவான்." முதல் நாள் தன் தங்கை பேரை மறந்தவர் இதைச் சொல்கிறார். "சென்னைக்குப்பா" என்றதும் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார்.

வாடகைக் கார் பிடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினோம். மஞ்சப்பை அவர் மடியில். ஊர் எல்லை தாண்டுவதற்குள் "எங்கம்மா போறோம்?" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. கல்பாக்கம் பக்கத்தில் மறுபடியும் கேட்டார், சொன்னேன், மறுபடியும் அதே மலர்ச்சி. மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஏமாற்றப்படுகிறவர் இப்படிச் சந்தோஷப்பட்டால் ஏமாற்றுகிறவள் என்னதான் செய்வாள்?

கடை மாடியில் இருந்தது. இரும்புக் கதவு, ஒரு மேஜை, கண்ணாடி அலமாரி. என் வயதில் ஒரு பெண், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஓனர் இல்லீங்களா?" என்றார் அப்பா.

"நான்தாங்க ஐயா ஓனர். உக்காருங்க."

அப்பா என் பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு உரக்கவே, "பொம்பள!" என்றார்.

"நானும் பொம்பளதாம்பா. உக்காருப்பா."

உட்கார்ந்து, இருபது வருடத்து ஆசையை ஒரே மூச்சில் சொன்னார். சின்ன உடம்பு, ஆறு தோட்டா, நடுவில் மடங்க வேண்டும், முப்பத்தெட்டு. அந்தப் பெண் கடைசிவரை கேட்டார். நான் மேஜைக்கு அடியில் கையைப் பிசைந்துகொண்டு, 'ஆர்டர் போட்டிருக்குன்னு சொல்லு தாயே' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"அப்படி ஒண்ணு யாரும் செய்யறதில்லைங்க ஐயா" என்றார்.

கண்ணைக் காட்டினேன், இருமினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"ஏன் செய்யல? கேக்குறதுக்கு ஆள் இல்லியா?"

"மொதல்ல சட்டம் இருக்குதுங்க. முப்பத்தெட்டு எல்லாம் போலீஸ், மிலிட்டரிக்கு. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு முப்பத்திரண்டோட சரி."

"சட்டம் கெடக்கட்டும். இரும்பு என்னா சொல்லுது?"

அந்தப் பெண் முதல் முறையாகச் சிரித்தார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டார். அதற்குள் சுற்றிவர ஆறு சின்ன வட்டங்கள். "இது உங்க ரிவால்வர்ல தோட்டா போடற உருளை. ஆறு அறை. ஒரு அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவுல கொஞ்சம் இரும்பு நிக்குது பாருங்க, அதான் சுவரு. இப்ப இதே வட்டத்துக்குள்ள பெரிய துளையா ஆறு போடுங்க." பேனாவை அப்பாவிடம் நீட்டினார். அப்பா போட்டுப் பார்த்தார். வட்டங்கள் ஒன்றை ஒன்று இடித்தன.

"சுவரு போச்சு" என்றார்.

"வெடிக்கறப்ப தாங்கணுமே. அது கைக்குள்ள வெடிக்கிற சமாசாரம்."

"அப்ப அஞ்சு போடு."

"போடறாங்க ஐயா. வெளிநாட்டுல சின்ன உடம்புல பெரிய தோட்டான்னா அஞ்சுதான். ஆனா நீங்க மடங்கணும்னு கேக்கறீங்க. மடங்கறதுக்குக் கீழ ஒரு கீலு, மேல ஒரு கொக்கி. பெரிய தோட்டா அடிக்க அடிக்க அந்தக் கொக்கி தளர்ந்துடும்."

"கீலு இல்லாம ஒரே இரும்புச் சட்டமா செஞ்சா?"

"தாங்கும். ஆனா மடங்காது."

அப்பா தாடையைத் தடவினார். "தோட்டா நீளமும் கூடுமில்ல?"

"அதுவும்தான். தோட்டா நீளம்னா உருளை நீளம், உருளை நீளம்னா இரும்புச் சட்டமும் நீளம். எல்லாம் சேர்ந்தா கனம் ஏறிடும். கனம் வேணாம்னு எளைச்சு செஞ்சா, அடிக்கிற அடிய மணிக்கட்டுதான் வாங்கணும்."

"சரிதான்" என்று அப்பா நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டு இஞ்சு பம்ப வெச்சிக்கிட்டு நாலு இஞ்சுக்குத் தண்ணி கேட்டிருக்கேன் நானு. இருவது வருசமா!" சொல்லிவிட்டு அவரே சத்தமாகச் சிரித்தார்.

இந்த மனிதரை நான் எத்தனையோ மாதமாகப் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்லும் அப்பா, ஒரு கேள்வியிலிருந்து அடுத்த கேள்விக்கு வழுக்காமல் கால் வைத்துப் போகும் அப்பா. வீட்டில் நான் அவருக்கு 'சரிப்பா' என்பதைத் தவிர வேறு எதையும் கொடுக்கவில்லை. ஏன் இல்லை என்று ஒருநாள் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார் போல. மறந்துபோகலாம், ஆனால் அந்த நேரத்துக்காவது கேட்டிருப்பார். புத்தி சரியில்லை என்று முன்பின் தெரியாதவரிடம் போனில் சொன்னவள் நான். வெட்கமாக இருந்தது.

"உங்களோடத எடுங்க ஐயா, சுவரு எவ்ளோதான் நிக்குதுன்னு காட்டறேன்" என்றார் அந்தப் பெண்.

நான் மாதக்கணக்கில் கெஞ்சியும் திட்டியும் வாங்க முடியாத மஞ்சப்பையை அப்பா அப்படியே எடுத்து மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான்! அந்தப் பெண் ரிவால்வரைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மடக்கி, ஆறு தோட்டாவையும் உள்ளங்கையில் கொட்டினார். ஆறும் உண்மையிலேயே உள்ளேதான் இருந்திருக்கின்றன. உருளையை விளக்குக்கு நேராகப் பிடித்து, "இதோ பாருங்க, இவ்ளோதான் சுவரு" என்று காட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பின்பக்கத்தை உற்றுப் பார்த்தார். ஒரு சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

"ஐயா, இதுல ஊசி இல்லையே."

"என்னா ஊசி?"

"விசைய இழுத்தா பின்னாலேர்ந்து சுத்தியல் மாதிரி ஒண்ணு வந்து அடிக்குதில்ல, அதும் முனைல ஊசி இருக்கும். அது குத்துனாதான் தோட்டா வெடிக்கும். இதுல அந்த ஊசிய எடுத்திருக்காங்க. உடையல, அரம் போட்டு அராவியிருக்கு. மழமழன்னு இருக்குது பாருங்க."

அப்பா வாங்கிப் பார்த்தார். விரலால் தடவினார். முகம் சிவந்துவிட்டது.

"எவன் அராவுனான்?" என்றவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "நீதான. நான் குளிக்கிறப்ப எடுத்திருக்க நீ."

"அப்பா, சத்தியமா நான் தொடலப்பா."

"வூட்டுல வேற யாரு இருக்கா? பெத்த பொண்ணே இப்படிப் பண்ணுனா நான் எவனத்தான் நம்புறது? அவனுங்க மறுபடி வந்தா நான் என்னா பண்ணுவேன்?" எழுந்து நின்றுவிட்டார்.

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "தொட்டிருந்தா சொல்லிட்டுப் போறேன்! எனக்கு என்ன பயம்? தொட விட்டியா நீ?" என்று நானும் எழுந்து கத்தினேன். கீழே தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தப் பெண் எங்களைத் தடுக்கவில்லை. லைசென்ஸ் எண்ணைப் பார்ப்பதற்காகப் பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து விரித்தார். அதற்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. தினசரி காலண்டரில் கிழித்தது. பிரித்துப் பார்த்துவிட்டு, மேஜைமேல் என் பக்கம் தள்ளினார்.

பென்சில் எழுத்து. உப்பு மூட்டைகளில் அடையாளம் போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோணலாக. அப்பா எழுத்து.

'பாப்பா மேல நீட்டிட்டேன். ஊசிய அராவிட்டேன். இனிமே வெடிக்காது. அவகிட்ட சொல்லணும்.'

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று இரவே செய்திருக்க வேண்டும். நான் கத்தியதையெல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் கதவைச் சாத்திக்கொண்டதும் பழைய டப்பாவிலிருந்து அரத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்து அராவியிருக்கிறார். மறந்துவிடுவோம் என்று அவருக்கே தெரிந்து எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்ததை மறந்துவிட்டார். காலையில் அவர் பொய் சொல்லவில்லை, அது அவரிடம் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். நான்தான் அதற்குப் பிறகு அத்தனை மாதமும் அப்பாவுக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தவள். பாவி நான்.

தாளை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். உதடு அசைய ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"என் எழுத்துதான்" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு பயம். "உன்கிட்ட சொன்னனாம்மா?"

"சொன்னப்பா" என்றேன். "அன்னிக்கே சொல்லிட்ட. நான்தாம்பா மறந்துட்டேன்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். மஞ்சப்பையை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தி, "இது இங்கயே இருக்கட்டும். எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். நிதானமாக, எழுத்து எழுத்தாகப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வயசுலயே இவ்ளோ மறதி கூடாது பாப்பா. டாக்டர்கிட்ட காட்டலாம். நான் கூட வர்றேன்."